செப்டிக் தொட்டியும் மண்ணும்: ஒரு வரலாற்று நோக்கு

அரசர்தம் கோட்டைகளையும் கோயில்களையும் அகழ்ந்து ஆராயும் வரலாற்றாசிரியர், அவ்வரசரின் குடிகள் தம் கழிவை எங்கே ஒதுக்கினர் என்பதை ஆராய்வது அரிது. பேசத் தகாத பொருளெனக் கருதப்பட்டமையே அதற்குக் காரணம். ஆயினும், ஒரே வளவினுள் கிணறும் மலகூடமும் அமைந்துள்ள யாழ்ப்பாணக் குடாநாடு போன்றதொரு நிலத்தில் அப்பொருளைப் பேசாது விடுதல், குடிக்கும் நீரைப் பற்றிப் பேசாது விடுதலாகவே முடியும். நகரங்களிற் பாதாளக் குழாய்கள் கழிவைத் தொலைவிடத்துக்குக் கொண்டு செல்கின்றன. நாட்டுப்புறத்திலோ ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் கழிவைத் தத்தம் நிலத்திலேயே அடக்க வேண்டியவராவர். அதற்கென மேனாட்டார் கண்ட சாதனம் செப்டிக் தொட்டி. தொட்டியே யாவும் செய்யுமென நம்பியோர், வேலையிற் பெரும்பகுதியைச் செய்வது மண்ணே என்பதைப் பொருட்செலவோடும் நோயோடும் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டமையே அதன் வரலாறு.

கழிவைக் குழியில் இடும் வழக்கம் மிகப் பழையது. ஊர்கள் சிறியனவாகவும் நிலம் பரந்ததாகவும் இருந்த காலத்தில் அதன் தீங்கு வெளிப்படவில்லை. 1854ஆம் ஆண்டில் இலண்டனின் புறோட் வீதியில் வாந்திபேதி பரவியபோது, யோன் ஸ்னோ என்னும் மருத்துவர் அவ்வீதிக் கிணற்று நீரே நோயைப் பரப்பியதெனக் காட்டினார். அடுத்த ஆண்டு நிலத்தைத் தோண்டிப் பார்த்தபோது, அருகிலிருந்த வீடொன்றின் மலக்குழி கிணற்றிலிருந்து மூன்றடிக்கும் குறைந்த தூரத்தில் இருந்தமையும், அதன் செங்கற் சுவர் சிதைந்து கழிவு கசிந்தமையும் தெரியவந்தன. நகரத்தார் பாதாளக் கால்வாய் அமைத்துத் தம் இடரைத் தீர்த்துக்கொண்டனர். நாட்டுப்புறத்தார்க்கு அவ்வழி இல்லை. டோசெற் பகுதியிற் சமயகுருவாக இருந்த என்றி மூல் என்பவர், கழிவை உலர்ந்த மண்ணால் மூடும் மலகூடமொன்றை அமைத்து 1860இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். மண்ணோடு கலந்த கழிவு சில வாரங்களில் நாற்றமின்றி மண்ணாகவே மாறுவதை அவர் கண்டிருந்தார். நீரலம்பு மலகூடம் செல்வாக்குப் பெற்றமையால் அவருடைய முறை பின்தள்ளப்பட்டது. ஆயினும் அவர் கண்ட உண்மையை எந்திரவியலாளர் மீண்டும் கண்டடைய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அதே 1860ஆம் ஆண்டளவில் பிரான்சின் கிழக்கே வெசூல் என்னும் ஊரில் லூயி மூராஸ் என்பவர், வீட்டுக் கழிவு முழுவதும் வந்து சேருமாறு கற்கட்டாலான தொட்டியொன்றை நிறுவினார். கழிவு உட்செல்லும் குழாயும் நீர் வெளிச்செல்லும் குழாயும் நீர்மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருந்தன. ஆகவே தொட்டியுட் காற்றுப் புகவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தொட்டியைத் திறந்து பார்த்தபோது, நிறைந்திருக்க வேண்டிய மலம் பெரும்பாலும் கரைந்து போயிருந்தது. மூராஸ் வியப்புற்றார். அறிவியல் இதழொன்றை நடத்திவந்த குருவானவராகிய மொய்க்னோவின் துணையோடு ஆராய்ந்து 1881இல் ஆக்கவுரிமையும் பெற்றார். அச்சாதனத்துக்கு அவர்கள் இட்ட பெயர், தானே இயங்கும் தோட்டி என்னும் பொருள் உடையது. அப்பெயரிலே ஒரு வரலாறு அடங்கியுள்ளது. இரவிற் குழிகளையும் வாளிகளையும் வெறுங்கையால் வெறுமையாக்கிச் சுமந்து சென்ற மனிதர் எல்லா நாடுகளிலும் இருந்தனர். எல்லா நாடுகளிலும் இழிவுபடுத்தப்பட்டனர். அவர்தம் சுமையை இறக்கிவைக்கும் வழி முதன்முதல் ஒரு கற்றொட்டியின் உருவில் தோன்றியது என்பதை மறத்தல் ஆகாது.

தொட்டிக்குள் நிகழ்வது யாது? காற்றில்லாத இடத்தில் வாழும் பற்றீரியாக்கள் திண்மக் கழிவைச் சிதைத்து, ஒரு பகுதியை நீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. பாரமானவை அடியில் மண்டியாகப் படிகின்றன; எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதந்து படையாகின்றன. நடுவிலுள்ள நீர் வெளியேறுகின்றது. இங்கிலாந்தின் எக்சிற்றர் நகர அளவையாளராகிய டொனால்ட் கமரன் 1895இல் இத்தகைய தொட்டியொன்றுக்கு, அழுகலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று செப்டிக் தொட்டி என்னும் பெயரைச் சூட்டினார். அங்கு எழுந்த வாயுவைச் சேர்த்து விளக்கேற்றியும் காட்டினர். கழிவே விளக்காக எரிவதைக் கண்டோர் தொட்டி சகலத்தையும் தின்றுவிடும் என்று நம்பியதில் வியப்பில்லை.

கமரனின் உரிமையை வைத்திருந்த கூட்டத்தார் அமெரிக்காவிற் செப்டிக் தொட்டி அமைத்த நகரங்கள் மீது வழக்குத் தொடுத்தனர். அழுகுதல் என்னும் இயற்கை நிகழ்ச்சிக்கு ஒருவர் உரிமை கோரலாமோ என்பது அக்கால எந்திரவியலாளரைச் சினங்கொள்ளச் செய்த வினா. சரற்றோகா நகருக்கு எதிரான வழக்கில் 1908இல் நீதிமன்றம் கூட்டத்தாருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. எனினும் 1913இல் நொக்ஸ்வில் நகர் வழக்கை விசாரித்த ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், பிரித்தானிய உரிமை முடிந்தபோதே அமெரிக்க உரிமையும் முடிந்துவிட்டதெனத் தீர்த்தது. அதன்பின் யாரும் தொட்டி கட்டலாம் என்றாயிற்று. யாரும் கட்டினர், எப்படியும் கட்டினர்.

நாட்டுப்புறத்துக்கு இச்சாதனம் சென்ற வழி வேறு. 1902இல் சாள்ஸ் வாடெல் ஸ்டைல்ஸ் என்னும் விலங்கியலறிஞர், அமெரிக்காவின் தென் மாநிலங்களிற் பரவியிருந்த கொழுக்கிப்புழுவை ஒரு தனியினமென இனங்கண்டார். மலத்தோடு மண்ணில் வீழும் முட்டை பொரித்து, அக்குடம்பி வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகும். குடலிற் பற்றிக் குருதியை உறிஞ்சும். சோம்பலென இகழப்பட்ட ஏழைக் குடியானவரின் சோர்வு உண்மையிற் குருதிச்சோகை என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. 1909இல் ரொக்பெல்லர் பத்து இலட்சம் டொலர் வழங்க, கொழுக்கிப்புழு ஒழிப்புக்கென ஓர் ஆணைக்குழு அமைந்தது. மருந்து கொடுத்தல் எளிது. மலகூடம் இல்லாத வீட்டில் மருந்துண்டவன் மறுபடியும் அதே மண்ணை மிதிக்கின்றான். ஆதலின் ஸ்டைல்சும் அவருடன் பணியாற்றிய இருவரும் 1910இல் ஒரு சிறு சாதனத்தை வகுத்தனர். இரண்டு பீப்பாய்கள், அவற்றை இணைக்கும் ஒரு குழாய். முதலாவதில் மலம் அழுகிக் கரையும். இரண்டாவதில் நீர் தேங்கும். அஃதொரு குடியானவனின் செப்டிக் தொட்டியே.

இவ்வியக்கம் கடல் கடந்து 1916இல் இலங்கைக்கும் வந்தது. ரொக்பெல்லர் நிறுவனத்தார் மலைநாட்டுத் தோட்டங்களில் வேலை தொடங்கினர். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரே அங்குப் பெரும்பாலும் நோயுற்றிருந்தனர். லயங்களில் மலகூடம் இன்மையால் தேயிலைச் செடிகளின் நடுவே ஒதுங்கினர். அதே செடிகளின் நடுவே வெறுங்காலோடு கொழுந்தெடுத்தனர். மருந்து கொடுப்பதற்கு உடன்பட்ட தோட்ட முதலாளிமார், மலகூடம் கட்டும் செலவுக்கு எளிதில் உடன்படவில்லை. குணமடைந்தோர் திரும்பவும் நோயுற்றனர். மருந்து மட்டும் போதாது, சுகாதாரப் பணி நிலையாக வேண்டும் என்ற அறிவின் பயனாகவே 1926இற் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது எனலாம். மலகூடம் எங்கே இருக்கின்றது, கிணறு எங்கே இருக்கின்றது என்று வளவு வளவாகச் சென்று பார்க்கும் பரிசோதகரின் பணி அவ்வாறே இந்நாட்டில் வேரூன்றியது.

அமெரிக்க நாட்டுப்புறத்தில் அடுத்த மாற்றத்தைக் கொண்டுவந்தது மின்சாரம். 1930களின் தொடக்கத்திற் பத்துப் பண்ணை வீடுகளில் ஏறக்குறைய ஒன்றிலேயே மின்சாரம் இருந்தது. 1935இல் நாட்டுப்புற மின்மயமாக்கும் நிருவாகம் அமைக்கப்பட்ட பின், கம்பிகள் பண்ணைகளை எட்டின. விளக்கின் பின்னே நீரிறைக்கும் பொறி வந்தது. பொறியின் பின்னே வீட்டினுட் குழாயும் நீரலம்பு மலகூடமும் வந்தன. கையால் இறைத்த காலத்தில் வாளிக் கணக்காக இருந்த கழிவுநீர் நூற்றுக்கணக்கான கலனாயிற்று. அந்நீரைப் பெருக்கியவர்கள் அது போகும் இடத்தை எண்ணவில்லை. இரண்டாம் உலகப் போரின் பின் நகரங்களைச் சூழ எழுந்த புதுக் குடியிருப்புகளும் பாதாளக் குழாயின்றித் தொட்டிகளையே நம்பின. அவற்றுட் பல, கட்டிச் சில ஆண்டுகளுக்குள் முற்றத்திற் கழிவு பொங்க, பழுதடைந்தன.

அப்போதுதான் மண்ணின் மீது அறிஞர் பார்வை திரும்பியது. தொட்டியினின்று வெளிவரும் நீர் தெளிந்ததுபோலத் தோன்றினும் நோய்க்கிருமி நிறைந்தது. அதனைத் துளையிட்ட குழாய்கள் வழியே, சரளைக்கல் பரப்பிய ஆழமற்ற ஓடைகளுட் செலுத்தி, மண்ணிற் சுவறவிடுதல் வேண்டும். மண்துகள்களிடையே காற்றும் உண்டு. காற்றை விரும்பும் நுண்ணுயிர்களும் உண்டு. தொட்டி செய்யாத தூய்மையாக்கலை இவையே செய்கின்றன. நியூயோர்க் மாநிலத்து என்றி றையன் என்பவர் 1920களில், பழுதுற்ற நிலங்களைச் சென்று பார்த்து எளிய சோதனையொன்றை வகுத்தார். நிலத்தில் ஒரு குழி தோண்டி, நீர் ஊற்றி மண்ணை நனையவைத்து, மீண்டும் ஊற்றிய நீர் ஓரங்குலம் தாழ எத்தனை நிமிடம் ஆகின்றதென அளத்தலே அது. அந்நேரத்தைக் கொண்டு எவ்வளவு ஓடை வெட்ட வேண்டுமெனக் கணிக்கலாம். வீடமைப்புத் துறையாரின் வேண்டுகோளின்படி அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையினர் சின்சினாற்றி நகரிற் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1957இற் செப்டிக் தொட்டி பற்றிய கைந்நூலை வெளியிட்டனர். பிற்காலத்து விதிகள் பலவற்றுக்கு அந்நூலே தாய் எனலாம்.

அந்நூல் கூறும் அளவுகள் சில இங்கு நோக்கற்பாலன. இரண்டு படுக்கையறை கொண்ட வீட்டுக்குத் தொட்டி 750 அமெரிக்கக் கலனுக்குக் குறையலாகாது. ஓரங்குலம் தாழ 60 நிமிடத்துக்கு மேலாகும் மண் ஓடைக்கு உதவாது; 30 நிமிடத்துக்கு மேலாயின் உறிஞ்சு குழிக்கு உதவாது. தொட்டி கிணற்றிலிருந்து 50 அடியும், ஓடையும் உறிஞ்சு குழியும் 100 அடியும் விலகியிருத்தல் வேண்டும். ஓடையின் அடிக்கும், மாரியில் உயரும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே 4 அடியாவது இருத்தல் வேண்டும். பாறையும் அவ்வாறே 4 அடிக்குக் கீழே இருத்தல் வேண்டும். இவ்விறுதி விதியே எல்லாவற்றினும் தலையாயது. அதுவே எங்கும் அதிகம் மீறப்படுவதும் ஆகும்.

பரிசோதனை பற்றி அந்நூல் கூறுவதும் தெளிவானது. நீண்ட கோலொன்றில் வெள்ளைத் துவாயைச் சுற்றித் தொட்டியின் அடிவரை இறக்கிச் சிறிது நேரம் நிறுத்தி எடுத்தால், துவாயில் ஒட்டிய கறை மண்டியின் உயரத்தைக் காட்டும். மிதக்கும் படையின் அடிப்பக்கம், நீர் வெளிச்செல்லும் குழாயின் வாய்க்கு 3 அங்குலத்துள் நெருங்கிவிட்டால் தொட்டியை வெறுமையாக்கும் காலம் வந்ததெனக் கொள்ளல் வேண்டும். வெறுமையாக்கிய பின் கழுவுதலும் கிருமிநாசினி ஊற்றுதலும் ஆகா. சிறிது மண்டியை விதைபோல எஞ்சவிடல் வேண்டும் என்பது அந்நூலின் கூற்று. தொட்டியுட் கொட்டினால் வெறுமையாக்கும் வேலையே இல்லை என விளம்பரஞ் செய்யப்பட்ட பொடிகளும் திரவங்களும் அக்காலத்திலேயே ஏறக்குறைய 1,200 வகை சந்தையில் இருந்தனவாம். அவற்றுள் ஒன்றேனும் பயனுடையதென நிறுவப்படவில்லை. எனினும் இன்றும் அவை விலைபோகின்றன. தொட்டிக்குள் மனிதன் இறங்குதல் எக்காரணம் கொண்டும் தகாது. அங்குத் தேங்கும் ஐதரசன் சல்பைட்டு வாயு நொடியில் அறிவிழக்கச் செய்யும். ஒருவரை மீட்க இறங்கியவரும் அடுத்தடுத்து மாண்ட செய்திகள் தமிழ்நாட்டிலிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. இந்தியா 2013இற் சட்டஞ் செய்தும் அவை நிற்கவில்லை.

பழுதுபார்த்தலிற் பெரும்பாலும் பிழை நேர்வது, நோய் ஓரிடமும் மருந்து வேறிடமுமாக இருத்தலால் ஆகும். முற்றத்திற் கழிவு பொங்கினால் வீட்டார் தொட்டியைக் குறைகூறுவர். பெரும்பாலும் பழுதுற்றது தொட்டியன்று. மண்டி வழிந்து ஓடைக்குட் சென்று மண்ணின் துளைகளை அடைத்துவிட்டமையே காரணமாகும். ஈரக் களிமண்ணில் ஓடை வெட்டினால் மண்வெட்டியே சுவரை மெழுகி அடைத்துவிடுவதும் உண்டு. அடைபட்ட நிலத்துக்குச் சில மாதம் ஓய்வு கொடுத்து, நீரை வேறோர் ஓடைத்தொகுதிக்குத் திருப்பினால் அது தன்னைத் தானே ஓரளவு மீட்டுக்கொள்ளும். தரிசாக விட்டு வயலைத் தேற்றும் உழவனுக்கு இது புதுமையன்று. மண்ணே தகாத இடத்தில், நிலத்தின் மேல் மணல் மேடமைத்து அதனுட் கழிவுநீரைச் செலுத்தும் முறையை 1947இல் வட டக்கோட்டா விவசாயக் கல்லூரியினர் கண்டனர். 1970களில் விசுக்கொன்சின் பல்கலைக்கழகத்தார் அதனைச் செப்பஞ் செய்தனர். கொண்டுவந்த மண்ணால் இல்லாத மண்ணை ஈடுசெய்தல் அது. செலவு மிக்கது.

அச்செலவு யாருடையது என்னும் வினா அலபாமா மாநிலத்தின் லௌண்டஸ் கவுண்டியிற் கொடுமையாக எழுந்தது. செல்மாவிலிருந்து மொன்கொமரிக்கு வாக்குரிமை வேண்டி 1965இற் கறுப்பின மக்கள் நடந்த வழி அவ்வூர்களினூடே செல்கின்றது. அங்குள்ள கரிய களிமண் நீரை உறிஞ்சாது. பொதுவான தொட்டி அங்குப் பயன்படாது. மேட்டுமுறைக்குப் பல்லாயிரம் டொலர் வேண்டும். வறிய குடும்பங்கள் வீட்டுக் கழிவைக் குழாய்வழி வெளியே விட்டன. அதனைக் குற்றமெனக் கொண்ட அதிகாரிகள் தண்டிக்கவும் முற்பட்டனர். சிலர் கைது செய்யப்பட்டனர். அவ்வூரில் வளர்ந்த கதரின் கோல்மன் பிளவர்ஸ் என்னும் அம்மையார் இதனை உலகறியச் செய்தார். 2017இல் வெளிவந்த ஆய்வொன்றிற் பரிசோதிக்கப்பட்ட 55 பேருள் 19 பேரிடம் கொழுக்கிப்புழுவின் அடையாளம் காணப்பட்டது. ஒழிந்ததென நம்பப்பட்ட புழு, ஸ்டைல்ஸ் கண்ட அதே தென்னாட்டில், செல்வம் மிக்க நாட்டின் நடுவே இருந்தது. 2021இல் மத்திய நீதித் திணைக்களம் விசாரணை தொடங்கியது. 2023இல், மக்களைத் தண்டிப்பதை நிறுத்துமாறு மாநிலச் சுகாதாரத் துறையோடு உடன்படிக்கை செய்தது. 2025 ஏப்பிரலில், ஆட்சி மாறிய பின், அவ்வுடன்படிக்கை முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.

அலபாமாக் களிமண் நீரை ஏற்க மறுக்கின்றது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லின் இயல்பு இதற்கு நேர்மாறானது; அது நீரை மறுப்பதேயில்லை. ஆறில்லாத குடாநாடு வடகீழ்ப் பருவமழையை நிலத்துட் சேமித்து, உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீராகக் கிணறுகளிற் பெறுகின்றது. மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் வெடிப்பும் குகையும் நிறைந்ததென்பதற்குப் புத்தூர் நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியுமே சான்று. றையனின் சோதனையை இங்குச் செய்தால் நீர் விரைந்து தாழும். நிலம் மிகச் சிறந்ததென்றே விடை வரும். அச்சோதனை நீர் தாழும் விரைவை அளக்குமேயன்றி, அது தூய்மையாகின்றதோ என்பதை அளக்காது. மண் மெல்லியதாயுள்ள இடங்களில் உறிஞ்சு குழியின் அடி கல்லையே தொடுகின்றது. அங்குக் கழிவுநீர் வடிக்கப்படுவதில்லை, வழிகாட்டி அனுப்பப்படுகின்றது.

தூர விதியும் இங்கு இடர்ப்படுகின்றது. 16 பரப்பு ஓர் ஏக்கர். முதுசமும் சீதனமுமாகப் பங்கு பிரிந்து இரண்டு பரப்பாகச் சுருங்கிய வளவொன்று சதுரமாயின் அதன் பக்கம் ஏறக்குறைய 74 அடி. மூலைக்கு மூலை அளந்தாலும் 104 அடியே. கைந்நூலின் 100 அடியை அவ்வளவினுட் காண, கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர்மூலையிலும் இருத்தல் வேண்டும். அம்மூலையின் வேலிக்கு அப்பால் அயலவரின் கிணறு இருக்கலாம் என்பதை யார் எண்ணுவர்? கழிவிலுள்ள நைதரசன் தொட்டியில் அமோனியாவாகி, காற்றுள்ள மண்ணில் நைத்திரேற்றாகின்றது. நைத்திரேற்றை மண் பிடித்துவைப்பதில்லை. நீரோடு அது கிணற்றை அடைகின்றது. அயோவாவிலே பண்ணைக் கிணற்று நீரால் உடல் நீலநிறமடைந்த குழந்தைகளைப் பற்றிக் கொம்லி என்னும் மருத்துவர் 1945இல் எழுதிய கட்டுரை இதன் கொடுமையை வெளிப்படுத்தியது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். யாழ்ப்பாணக் கிணறுகள் பலவற்றில் அவ்வரம்பைக் கடந்த நைத்திரேற்றை 1980கள் முதல் ஆய்வாளர் கண்டுள்ளனர். தோட்டங்களுக்கு இடப்படும் செயற்கை உரமும் வளவுகளின் மலக்குழிகளும் அதற்குப் பங்காளிகள். விவசாயியை மட்டும் குறைகூறுதல் நேர்மையன்று.

இருபது ஆண்டாகத் தம் தொட்டி நிரம்பவில்லை, பவுசர் அழைக்கவில்லை என்று பெருமையோடு கூறுவார் உளர். நீர் புகாத அடியும் சுவரும் கொண்ட தொட்டி அவ்வளவு காலம் நிரம்பாதிருத்தல் இயலாது. அடி சீமெந்திடப்படாத குழியே நிரம்பாது. அதனைத் தொட்டியென அழைப்பதே பிழை. மூராஸ் தம் தொட்டியைத் திறந்தபோது கொண்ட வியப்பும் இப்பெருமையும் ஒரே இனத்தவை. முறையாகச் செய்வதாயின், அடியும் சுவரும் பூசப்பட்ட ஈரறைத் தொட்டி, கல்லுக்கு மேலே உயர்த்திய மணற்படுகை, சில ஆண்டுக்கொருமுறை மண்டியின் அளவை, அகற்றிய மண்டியை ஏற்பதற்கு உள்ளூராட்சி மன்றத்தின் சுத்திகரிப்பிடம் ஆகிய யாவும் வேண்டும். சிறு வளவுகளில் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து கிணறுகளுக்கு எட்டாத ஓரிடத்தில் ஒரே படுகை அமைத்தலும் கூடும். வேலிச் சண்டைகளுக்குப் பேர்போன ஊர்களில் இது எளிதன்று.

குடிநீரைக் கொதிக்கவைத்துப் பருகினாற் போதும் என்னும் எண்ணம் கற்றோரிடமும் உண்டு. நெருப்புக்காய்ச்சற் கிருமி கொதிநீரில் இறக்கும். நைத்திரேற்றோ கொதித்தலால் அழியாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும்.